யெல்லாப்பிரகட சுப்பாராவ்

யெல்லாப்பிரகட சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 - ஆகஸ்ட் 1948) ஓர் இந்திய உயிர்வேதியியலாளர் ஆவார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த ஆய்வுப்பணிக்குத் தலைமை தாங்கினார். குடல் அழற்சி நோய்களுள் ஒன்றான குரோன் நோயில் நோயெதிர்ப்பு மண்டலத்தைத் தணிக்க வழங்கப்படும் மெதோட்ரெக்சேட் என்னும் மருந்து அப்பணியின் வழிவந்ததாகும்.

வாழ்க்கை

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். உணவின் சத்து உடலில் சேராமல் தடுக்கும் ஸ்புரூ என்னும் குடல் நோய்க்கு இவரது சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் பலியாயினர். இவரும் அந்நோயால் அவதியுற்றார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது கதர் அணிந்து அறுவை மருத்துவப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறியல் கற்பித்த பின் அமெரிக்கா சென்றார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்து, உடல் திரவங்களில் பாஸ்பரசை அளவிடும் முறையை 1925ல் வெளியிட்டார். அங்கு நிரந்தரப் பணி கிடைக்காததால் 1940ல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

ஃபோலிக் அமிலமும் அதன் எதிர்ப்பொருள்களும்

பெருகும் உயிரணுக்கள் டி.என்.ஏ. ஆக்குவதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. 1945ல் அதைத் தயாரித்த லெடர்லி குழுவினர், அதையே ஒத்த வடிவுடைய, ஆனால் அதன் பணியைத் தடுக்கும் பொருள்களையும் உருவாக்கினர். அவற்றுள் அமினோப்டெரினைச் சிட்னி ஃபார்பர் 1947ல் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தார். மெதோட்ரெக்சேட்டும் இவ்வகையினதே.

குடல் அழற்சியில் பயன்பாடு

நலமான குடலில் நோயெதிர்ப்பு மண்டலம் உணவையும் அங்கு வாழும் பாக்டீரியாக்களையும் பகையாகக் கருதுவதில்லை. குரோன் நோயில் இச்சமநிலை குலைகிறது. எதிர்ப்பு உயிரணுக்கள் பெருகி அழற்சிப் பொருள்களை ஓயாது சுரக்க, குடற்சுவர் புண்ணாகிறது. வாரம் ஒருமுறை குறைந்த அளவில் தரப்படும் மெதோட்ரெக்சேட் இப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. அடினோசின் என்னும் பொருளைப் பெருக்கி அழற்சியைத் தணிப்பதாகவும் கருதப்படுகிறது. குரோன் நோயில் இதன் பயனை 1995ல் வெளியான ஒரு மருத்துவச் சோதனை காட்டியது. பெருங்குடல் புண் அழற்சியில் அத்தகைய பயன் நிறுவப்படவில்லை. கருவைப் பாதிக்கும் என்பதால் கருவுற்றோருக்கு இதைத் தருவதில்லை. பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமிலமும் உடன் தரப்படுகிறது. ஒரே ஆய்வுக்கூடத்தின் மருந்தும் மாற்றும் ஒரே நோயாளிக்குப் போய்ச் சேர்வது விந்தையே.

சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கும் இன்று ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினுமே மருந்து. அவ்வகையின் முதல் மருந்தான ஆரியோமைசினை, சுப்பாராவ் ஆய்வு இயக்குநராக இருந்தபோது பெஞ்சமின் டக்கர் லெடர்லியிலேயே கண்டறிந்தார். அது 1948ல் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே சுப்பாராவ் தமது 53ஆம் வயதில் நியூயார்க் மாநிலத்தில் காலமானார். 1995ல் இந்திய அஞ்சல் துறை இவரது நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.