இரண்டாம் சரபோஜி

இரண்டாம் சரபோஜி (செப்டம்பர் 24, 1777 - மார்ச் 7, 1832) தஞ்சாவூரை ஆண்ட போன்சலே மராத்திய மரபின் மன்னர் ஆவார். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தவர் என்றே பெரிதும் அறியப்படுகிறார். ஆங்கிலம் வழியாக வந்த ஐரோப்பிய அறிவைத் தம் நாட்டவர்க்குப் பழகிய மொழியிலும் வடிவிலும் தர முயன்றமை இவரது மற்றொரு சிறப்பாகும். ஒரத்தநாட்டிலுள்ள முத்தாம்பாள் சத்திரத்தை நிறுவியவரும் இவரே.

இளமை

மன்னர் துளஜாஜி 1787 ஆம் ஆண்டில் சரபோஜியைத் தத்தெடுத்தார். அவ்வாண்டே துளஜாஜி இறந்தார். தத்து செல்லாது எனக் கூறி அமர்சிங் அரியணை ஏறினார். செருமானிய மதபோதகர் சுவார்ட்சு சிறுவனின் பாதுகாவலராக இருந்து அவனுக்காக வாதாடினார். தமிழ், மராத்தி, பாரசீகம், போர்த்துக்கீசம் முதலிய பல மொழிகளைக் கற்றவர் அவர். தஞ்சையில் இருப்பது பாதுகாப்பன்று எனக் கருதப்பட்டதால் 1793 இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டு, அங்கு கெரிக்கே என்ற மதபோதகரிடம் பயின்றார்.

தத்து செல்லும் எனக் கிழக்கிந்தியக் கம்பெனி பின்னர் முடிவு செய்யவே, 1798 சூனில் சரபோஜி முடிசூடினார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே சுவார்ட்சு மறைந்துவிட்டார். ஆசிரியரின் நினைவாகச் சரபோஜி தாமே ஆங்கிலத்தில் இயற்றிய கவிதை, அவரது கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது.

ஆட்சி இழப்பு

அரியணை கிடைத்த மறு ஆண்டே ஆட்சி கைவிட்டுப் போனது. 1799 அக்டோபர் 25 உடன்படிக்கையின்படி நாட்டின் நிருவாகம் கம்பெனிக்குச் சென்றது. கோட்டையும் அதன் சுற்றுப்புறமும், ஆண்டுக்கு ஓர் இலட்சம் நட்சத்திர வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே மன்னருக்கு எஞ்சின. இவரது நூற்பணிகள் பெரும்பாலும் இதற்குப் பின் நிகழ்ந்தவை.

அச்சும் மொழிபெயர்ப்பும்

1805 ஆம் ஆண்டளவில் சரபோஜி அரண்மனையில் தேவநாகரி எழுத்துகளைக் கொண்ட அச்சகம் ஒன்றை நிறுவினார். அங்கு அச்சான நூல்களுள் 'பாலபோத முக்தாவளி' குறிப்பிடத்தக்கது. இது ஈசாப்பு நீதிக்கதைகளின் மராத்தி ஆக்கமாகும். சக்கண பண்டிதர் என்பார் இதனை இயற்றினார்.

ஆங்கிலேயரின் அன்றாடப் பேச்சில் வழங்கும் சொற்றொடர்கள் பல ஈசாப்பின் கதைகளிலிருந்து பிறந்தவை. எட்டாத திராட்சை புளிப்பதும், சிங்கம் பெரும்பங்கு கொள்வதும் அவ்வகையின. இத்தகைய தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், கதை தெரியாதவர்க்குப் பொருள் விளங்காது. தொட்டியில் கிடக்கும் நாயை ஆங்கிலேயர் சொன்னால், நெல் விளையும் காவிரிப் படுகையில் அது வைக்கோற்போர் நாயாகிறது. தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது என்ற கருத்து இரண்டிலும் ஒன்றே. கதைகளையே தாய்மொழியில் தருவதால் தொடரின் வேரும் உடன் வந்து சேர்கிறது.

சரபோஜி மராத்தியில் எழுதிய 'தேவேந்திர குறவஞ்சி' இன்னும் துணிவான முயற்சி எனலாம். குறவஞ்சி தமிழ்நாட்டு மக்கள் நன்கறிந்த நாடக வகையாகும். அதில் குறத்தி தன் மலைவளத்தையும் தான் சுற்றிவந்த நாடுகளையும் கூறுவது வழக்கம். அவ்விடத்தில் சரபோஜி உலகப் புவியியலை அமைத்தார். ஐரோப்பிய நூல்களில் பாடமாக இருந்த கண்டங்களும் நாடுகளும் குறத்தியின் வாய்ப்பேச்சாக மாறின. சுவார்ட்சின் மற்றொரு மாணவரான வேதநாயக சாத்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி'யைத் தமிழில் இயற்றியதும் இக்காலத்திலேயே.

அரண்மனையின் தன்வந்திரி மகாலில் ஆராயப்பட்ட மருத்துவ முறைகளும் தமிழ்ச் செய்யுளாக்கப்பட்டன. இவை 'சரபேந்திர வைத்திய முறைகள்' எனப்படுகின்றன.

ஒரத்தநாடு சத்திரம்

தஞ்சாவூர் - பட்டுக்கோட்டைச் சாலையில் உள்ள இச்சத்திரம் 1802 இல் எழுந்தது. சரபோஜியின் அன்புக்குரிய முத்தாம்பாள் இறக்கும் தறுவாயில் கேட்டுக்கொண்டபடி அவர் பெயரால் கட்டப்பட்டது என்பது மரபுவழிச் செய்தி. இராமேசுவரம் செல்லும் பயணிகளுக்கு உணவும், நோயுற்றோர்க்கு மருத்துவமும் இங்கு இலவசமாக அளிக்கப்பட்டன. சத்திரத்துப் பள்ளியில் தமிழ், மராத்தி, தெலுங்கு, சமற்கிருதம், பாரசீகம் ஆகியவற்றுடன் ஆங்கிலமும் கற்பிக்கப்பட்டது. நாட்டைக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்த சரபோஜி, சத்திரங்களையும் அவற்றுக்குரிய மானிய ஊர்களையும் மட்டும் தம் பொறுப்பிலேயே விடுமாறு 1801 இல் ஆங்கிலேய ரெசிடெண்டு டோரினுக்குக் கடிதம் எழுதினார்.

இறுதிக் காலம்

1820 முதல் 1822 வரை சரபோஜி பெரும் பரிவாரத்துடன் காசி யாத்திரை சென்று, வழியெங்கும் சுவடிகளைத் திரட்டினார். 1826 இல் தஞ்சைக்கு வந்த பிசப்பு ஈபர், மன்னரின் ஐரோப்பிய அறிவியல் நூற்பயிற்சியை வியந்து எழுதியுள்ளார். 1832 இல் சரபோஜி காலமானபின் மகன் சிவாஜி பட்டத்திற்கு வந்தார். 1855 இல் அவர் ஆண் வாரிசின்றி இறக்கவே, எஞ்சிய உரிமையையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. சரசுவதி மகால் 1918 ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.