முத்திரை வணிகர் ஸ்ரான்லி கிப்பன்ஸ்

என் தமையனார் காலஞ்சென்றபின் அவர் பெட்டகத்தில் முத்திரைத் தொகுதி ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு முத்திரையின் கீழும் பென்சிலால் ஓர் எண் குறித்திருந்தார். இலங்கைக்குரிய முதற் பக்கத்தில், முத்திரை இல்லாத வெறுங் கட்டமொன்றின் கீழும் 4 என்ற எண் இருந்தது. இலக்கணமே கற்றுக் கற்பித்து வந்த யான், அவற்றை ஏதோ கணக்கென எண்ணி வாளாவிருந்தேன். அவை கிப்பன்ஸ் எண்கள் என்று மாணவன் ஒருவன் சொன்ன பின்னரே அப்பெயருக்குரியவர் வரலாற்றை அறியப் புகுந்தேன். அறிந்தவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவல்.

எட்வேட் ஸ்ரான்லி கிப்பன்ஸ் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுக நகரில் 1840ஆம் ஆண்டு யூன் மாதம் 21ஆந் திகதி பிறந்தார். உலகின் முதல் ஒட்டு முத்திரையாகிய கறுப்புப் பென்னி அவ்வாண்டு மே மாதத்திலேதான் வெளிவந்தது. முத்திரையும் அவரும் ஓராண்டுப் பிள்ளைகள் எனலாம். தந்தையார் மருந்துக்கடை நடத்தியவர். அக்கடையின் ஒருபுறத்தில் 1856இல் கிப்பன்ஸ் முத்திரை விற்கத் தொடங்கினார்.

1863இல் கப்பலோட்டிகள் இருவர் நன்னம்பிக்கை முனையின் முக்கோண முத்திரைகளைப் பை நிறையக் கொண்டுவந்தனர். ஐந்து பவுண் கொடுத்து அவற்றை வாங்கி, நூறு மடங்கு வரை ஈட்டினார் என்று கூறுவர். பலர் இக்கதையோடு அவர் வரலாற்றை முடித்துவிடுவர். அது அவர் பொருள் பெற்ற கதை. அவர் பெயர் நிலைத்த காரணம் வேறு. 1865 நவம்பரில் அவர் வெளியிட்ட விலைப்பட்டியலே அக்காரணம்.

வணிகர் ஒருவர் தம் சரக்கை அறிவிக்க எழுதிய சிறு பட்டியல் நாளடைவில் உலகத்து முத்திரைகளுக்கெல்லாம் நிகண்டாயிற்று. அதன் முறைமை வருமாறு: முதலில் நாடு, நாட்டினுள் ஆட்சியாளர் காலம், அதனுள் வெளியீட்டாண்டு. பின்னர்த் தாளின் நீர்க்குறியும் ஓரத்துத் துளைகளின் அளவும் நோக்கப்படும். அதன்பின் முகவிலை, குறைந்தது முதல் கூடியது வரை. இவ்வொழுங்கில் நிற்கும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எதிரே விலை இரண்டு: இடப்புறம் பயன்படுத்தாததற்கு, வலப்புறம் பயன்படுத்தியதற்கு. முத்திரை குறைவாக ஒட்டிய கடிதத்துக்கு அறவிடும் முத்திரைகளுக்கு எண்வரிசை தனி. அவ்வெண்களின் முன் ஓர் ஆங்கில எழுத்து நிற்கும்.

ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்குவோர் பாடபேதங் காண்பதுபோல, பட்டியல் செய்வோர் நிறபேதங் காண்பர். கறுப்புப் பென்னி மிகு கறுப்பு, கறுப்பு, சாம்பற் கறுப்பு என மூன்றாகி 1, 2, 3 ஆகிய எண்களைப் பெறும். ஆதலால் அடுத்த நீல இருபென்ஸ் முத்திரை 4இல் தொடங்கும். அமெரிக்காவில் ஸ்கொற் பெயரால் வழங்கும் பட்டியலோ அம்மூன்றையும் 1 என அடக்கி, நீலத்துக்கு 2 கொடுக்கும். எனவே எண்ணைச் சொல்வோர் அது யாருடைய எண் என்பதையும் சொல்லல் வேண்டும். வரிசை அமைந்தபின் புதிய பேதம் வெளிப்படின், பின்னுள்ள எண்களை இயன்றவரை மாற்றாது, முன்னெண்ணோடு ஓர் எழுத்தைச் சேர்த்து இடங்கொடுப்பர். எண்கள் மாறின், பழைய எண்ணை நம்பிக் குறித்துவைத்தோர் அனைவரும் இடர்ப்படுவர் அல்லரோ?

நிற்க. கிப்பன்ஸ் 1874இல் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார். 1890இல் தம் வணிகத்தைச் சாள்ஸ் பிலிப்ஸ் என்பவருக்கு 25,000 பவுணுக்கு விற்றார். 1913 பெப்ரவரி 17இல் காலமானார். இறுதி இருபத்துமூன்று ஆண்டுகளும் பட்டியல் பிறர் கையிலேயே வளர்ந்தது. தாம் விற்கும் விலையையே பட்டியலில் விலையாகக் குறித்தமை வணிகச் செயலே. அதில் ஊதிய நோக்கம் இல்லை என்று யாருஞ் சொல்லார். ஆயினும் ஊதியம் கருதிச் செய்த அவ்வொழுங்கு அறிவுக்கும் பயன்பட்டது. அவர் கையில் வந்த முத்திரைகள் யாவும் விற்றுப்போயின, வணிகமும் கைமாறிற்று, பட்டியல் மாத்திரம் அவர் பெயரோடு நின்றது.

இனி, எம் நாட்டுப் பக்கத்துக்கு வருவேன். 1857 ஏப்ரல் 1இல் வெளிவந்த ஆறுபென்ஸ் முத்திரைக்கு அப்பட்டியலில் எண் 1. எண் 4, 1859இல் வெளிவந்த மங்கிய ரோசா நிற நாலுபென்ஸ் முத்திரை, ஓரத்தில் துளையில்லாதது, இலங்கை முத்திரைகளுள் மிக அரியதாகப் போற்றப்படுவது. 1972இல் நாட்டின் பெயர் மாறியபோதும் எண்வரிசை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்காது தொடர்ந்தே சென்றது.

சம்பளத்தில் குடும்பம் நடத்திய என் தமையனார் அந்த நாலுபென்ஸ் முத்திரையைக் கண்ணாலும் கண்டிரார். தாம் அதனைப் பெறப்போவதில்லை என்பதையும் நன்கறிவார். அறிந்தும் அதற்குரிய இடத்தை வேறொன்றால் நிரப்பாமல் எண்ணிட்டு விட்டுவைத்தார். இல்லாததற்கும் இடமுண்டு என்பதை அவருக்குக் கற்பித்தது அப்பட்டியலே என்று கருதுகின்றேன். அக்கட்டத்தை யானும் வெறிதாகவே வைத்திருக்கின்றேன்.