திக்கிப் பேசிய பையன், ஸ்டேடியத்தை நிரப்பிய வரி வக்கீல்!

பட்ஜெட் அன்னிக்கு யாராவது வரியைப் பத்திப் பேசினா, சட்டுனு ஸ்க்ரோல் பண்ணிடுவீங்கதானே? ஆனா, ஒருத்தர் வரியைப் பத்திப் பேசுறதைக் கேட்க மும்பையில் கிரிக்கெட் ஸ்டேடியமே நிரம்பியிருக்கு. அவர்தான் நானி பல்கிவாலா.

1920-ல் மும்பையில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசுல பேச்சு திக்கும். விடாம முயற்சி பண்ணி அதைத் தாண்டினார். ஆங்கிலத்தில் எம்.ஏ முடிச்சுட்டு, லெக்சரர் வேலைக்கு அப்ளை பண்ணினார். கிடைக்கலை. சட்டம் படிக்கப் போனார்.

சீனியர் வக்கீல் ஜாம்ஷெட்ஜி காங்காவோடு சேர்ந்து 1950-ல் அவர் கொண்டுவந்த வருமான வரிச் சட்டப் புத்தகத்தை, வரி வழக்கு நடத்துறவங்க இன்னிக்கும் புரட்டுறாங்க.

1958-ல் ஒரு ஹோட்டல் ஹாலில் பட்ஜெட்டை விளக்கிப் பேச ஆரம்பிச்சார். கையில் குறிப்பே இல்லாமல் எண்களை அடுக்குவார். கூட்டம் பெருகிப் பெருகி, கடைசியில் பிரபோர்ன் ஸ்டேடியத்துக்கே மாத்த வேண்டியதாச்சு. 1970-களில், உச்ச வரம்பைத் தாண்டிச் சம்பாதிக்கிற ஒவ்வொரு 100 ரூபாய்லயும் 97.75 ரூபாய் வரியாப் போன காலம் ஒண்ணு இருந்துச்சு. வரி இவ்வளவு ஏறினா ஏய்ப்புதான் வளரும்னு அவர் வாதாடினார்.

1973-ல் கேசவானந்த பாரதி வழக்கிலும் அவர்தான் வாதாடினார். 13 நீதிபதிகளில் 7 பேர், அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமே மாத்த முடியாதுன்னு தீர்ப்பு சொன்னாங்க.

2002-ல் மறைந்தார். அடுத்த பட்ஜெட் அன்னிக்கு ஸ்க்ரோல் பண்றதுக்கு முன்னாடி, உங்க பே-ஸ்லிப்பை ஒருமுறை பாருங்க. அதில் பிடிக்கிற காசு எதுக்குன்னு கேட்க உங்களுக்கும் உரிமை இருக்கு!