பொறி பிறக்குமுன் நிரல் தந்த பெண்மணி

கணிப்பொறி வகுப்பில் நாங்கள் எழுதிய முதல் நிரல் ஒரு மதிப்பெண் பட்டியல். சராசரி 75 இருந்தால் சிறப்புத் தேர்ச்சி என்று காட்டும்படி எழுதினோம். கணக்கில் 20 மட்டுமே பெற்றவளுக்கும் சிறப்புத் தேர்ச்சி வந்துவிட்டது! வகுப்பே சிரித்தது. பிறகுதான் நிபந்தனைக்குள் நிபந்தனை வைக்கக் கற்றோம். எல்லாப் பாடங்களிலும் 35 உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். உண்டு என்றால் மட்டுமே, அதனுள் சராசரியைக் கேட்க வேண்டும். பிழை பொறியினுடையது அன்று; எங்களுடையது. பொறி தானாக எதையும் படைக்காது, நாம் ஏவியதையே செய்யும் என்று 1843-இலேயே எழுதியவர் அடா லவ்லேஸ் அம்மையார்.

இவர் 1815 டிசம்பர் 10-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை புகழ்பெற்ற கவிஞர் பைரன் பிரபு. குழந்தைக்கு ஒரு மாதமானபோதே பெற்றோர் பிரிந்தனர். எட்டு வயதில் தந்தையை இழந்தார். கணிதத்தில் ஆர்வமுள்ள தாயார் மகளுக்கும் அதையே கற்பித்தார். பதின்மூன்று வயதில் தட்டம்மை கண்டு, நெடுநாள் நடக்க இயலாமல் கிடந்தார். ஆயினும் படிப்பைக் கைவிடவில்லை. அக்காலத்தில் இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்ப்பதில்லை. எனவே டி மார்கன் என்ற கணித அறிஞரிடம் கடிதம் மூலம் பாடம் கேட்டார்.

பதினேழு வயதில் சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார். துளையிட்ட அட்டைகளால் இயங்கும் பகுப்பாய்வுப் பொறியைப் பாபேஜ் திட்டமிட்டார். கிடைத்த விடைக்கேற்ப அட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்தி, அடுத்த வேலையைத் தேர்ந்தெடுக்கும் வகையில் அது அமைந்திருந்தது. இன்று நாம் எழுதும் நிபந்தனையின் வித்து அதுவே. அப்பொறியைப் பற்றிய பிரெஞ்சுக் கட்டுரையை மொழிபெயர்த்த அடா, கட்டுரையைவிட மும்மடங்கு நீளமான குறிப்புகளைச் சேர்த்தார். சுற்றுக்குள் சுற்றாக வேலைகளை அடுக்கும் முறையை விளக்கினார். பெர்னூலி எண்களைக் கணக்கிடும் படிகளை வரிசையாக எழுதினார். அதுவே உலகின் முதல் கணிப்பொறி நிரல் என்று பலரும் போற்றுவர்.

அந்தப் பொறி முழுமையாகக் கட்டப்படவே இல்லை. மூன்று குழந்தைகளின் தாயான அடா, 1852-இல் புற்றுநோயால் முப்பத்தாறு வயதில் மறைந்தார். தாம் எழுதிய நிரல் இயங்குவதை அவர் கண்டதில்லை. பின்னாளில் ஒரு கணிப்பொறி மொழிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

கண்முன் பொறி இல்லாமலே அவர் ஒவ்வொரு படியையும் எண்ணிப் பார்த்தார். பொறியை எதிரே வைத்துக்கொண்டு நாம் எண்ணாமல் எழுதலாமா? தோழியரே, விசையைத் தட்டுமுன் சற்றுச் சிந்திப்போமாக!