இரத்த அழுத்தத்தின் வேரைச் சிறுநீரகத்தில் கண்டவர்: டாக்டர் ஹேரி கோல்டுபிளாட்

லாயாங் லாயாங் வட்டாரத்தில் செம்பனை, இரப்பர் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள் பலருக்குக் காலைப் பொழுது 'பிரஷர்' மாத்திரையோடுதான் விடிகிறது. கிளினிக்கில் அழுத்தம் அதிகம் என்றதும் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதிக்கச் சொல்கிறார்கள். அழுத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு என்பதை உலகுக்கு விளக்கியவர்களில் முதன்மையானவர் டாக்டர் ஹேரி கோல்டுபிளாட்.

1891-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் பிறந்தவர் இவர். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1916-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் கிளீவ்லண்ட் நகரில் நோய்க்கூறியல் துறையில் பணியாற்றினார்.

உயர் இரத்த அழுத்தத்தால் இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்தபோது, சிறுநீரக இரத்தக் குழாய்கள் சுருங்கியிருப்பதை அவர் அடிக்கடி கண்டார். அழுத்தத்தால்தான் குழாய் சுருங்குகிறது என்பது அன்றைய பொதுக் கருத்து. குழாய் சுருங்குவதால் அழுத்தம் ஏறக்கூடாதா என்று அவர் மாற்றி யோசித்தார்.

அதைச் சோதிக்க, சிறிய வெள்ளி இடுக்கி ஒன்றை வடிவமைத்து, நாய்களின் சிறுநீரகத் தமனியில் பொருத்தி இறுக்கினார். அழுத்தம் ஏறியது, இடுக்கியைக் கழற்றியதும் இறங்கியது. 1934-இல் வெளிவந்த இந்த ஆய்வு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

இரு பக்கமும் கடுமையாக இறுக்கியபோது விளைவு மோசமானது. சிறுநீரகம் செயலிழந்தது, பல உறுப்புகளின் நுண்குழாய்கள் சிதைந்து இரத்தம் கசிந்தது. ஆனால், இடுக்கிக்கு அப்பால் இருந்த சிறுநீரகக் குழாய்களில் அந்தச் சிதைவு இல்லை. ஏறிய அழுத்தம் அங்கே எட்டவில்லை. உறுப்புகளைக் கெடுப்பதில் அழுத்தத்துக்கே பெரும் பங்கு உண்டு என்பதற்கு இது வலுவான சான்றானது.

சிறுநீரக நரம்புகளை அறுத்த பிறகும் அழுத்தம் ஏறியதால், இரத்தத்தில் கலக்கும் ஒரு பொருளே காரணம் என்று தெளிவானது. 1898-இலேயே முயலின் சிறுநீரகத்தில் கண்டறியப்பட்டு மறக்கப்பட்டிருந்த 'ரெனின்' மீண்டும் பேசப்பட்டது. அதன் வழியில் உருவாகும் 'ஆஞ்சியோடென்சின்' குழாய்களைச் சுருக்கி, உடலில் உப்பைத் தேக்குவது பின்னர் தெரியவந்தது.

இந்தக் கண்டுபிடிப்பை நம்பி, அழுத்த நோயாளிகள் பலரின் ஒரு சிறுநீரகத்தை மருத்துவர்கள் அகற்றிய காலமும் உண்டு. பெரும்பாலோருக்குப் பலன் கிட்டவில்லை என்பதை 1956-இல் ஹோமர் ஸ்மித் எடுத்துக்காட்டினார். எல்லா அழுத்தத்துக்கும் சுருங்கிய தமனி காரணமல்ல என்ற பாடம் அப்போது உறுதியானது.

கோல்டுபிளாட் 1977-இல் காலமானார். ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் முதல் மாத்திரையான கேப்டோபிரில், 1981-இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று பலர் விழுங்கும் பெரிண்டோபிரில், இனாலாபிரில் இரண்டும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

உயர் அழுத்தம் பெரும்பாலும் வலி காட்டாது. தலைசுற்றல் இல்லையே என்று மாத்திரையை நிறுத்துபவரின் மூளை, இதயம், கண், சிறுநீரகம் நான்கும் ஓசையின்றித் தேய்கின்றன. அந்த நாய்களின் உடலில் கோல்டுபிளாட் கண்டது அந்தத் தேய்மானத்தின் கடுமையான வடிவத்தைத்தான். டயாலிசிஸ் நாற்காலி வரை போகாமல் காக்கும் வழி, அடுத்த கிளினிக் தேதியைத் தவறவிடாமல் இருப்பதில் தொடங்குகிறது.