புக்கர் வாஷிங்டன் சரிதம்

கல்வி என்றால் ஏட்டுப் படிப்பும் அதனாற் கிடைக்கும் உத்தியோகமுமே என்று கருதுவோர் நம்மவரிற் பலர். கற்றவன் கைத்தொழில் செய்வது இழிவு என்னும் எண்ணமும் அதனோடு சேர்ந்தே வளர்கின்றது. அவ்வெண்ணத்தோடு ஆயுள் முழுதும் போராடிய ஒரு பெரியாரின் சரிதத்தை நம் சங்கக் குடும்பத்தினர் அறிந்திருத்தல் நலம்.

1856-ம் வருஷம் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள வர்ஜீனியாவில், அடிமைச் சமையற்காரி ஒருத்தியின் மகனாகப் புக்கர் வாஷிங்டன் பிறந்தார். 1865-ல் உள்நாட்டு யுத்தம் முடியவே, கறுப்பின மக்கள் விடுதலை அடைந்தனர். விடுதலை கிடைத்ததேயன்றி வயிற்றுக்கு வழி கிடைக்கவில்லை. சிறுவர் வாஷிங்டன் உப்புக் காய்ச்சும் ஆலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்துக்கொண்டே எழுத்துக் கற்றார்.

ஹாம்ப்டன் என்னும் ஊரில், ஏழை மாணவர் வேலை செய்துகொண்டே படிக்கும் கலாசாலை ஒன்று உண்டெனக் கேள்வியுற்று, 1872-ல் சுமார் 500 மைல் பிரயாணம் செய்து அங்கே சேர்ந்தார். தலைமை ஆசிரியை அவரை ஓர் அறையைப் பெருக்கச் சொன்னார். அவர் மும்முறை பெருக்கி, நான்கு முறை தூசி துடைத்தார். அதுவே அவருக்குப் பிரவேசப் பரீக்ஷையாயிற்று.

1881-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி, அலபாமாவைச் சேர்ந்த டஸ்கீகியில் 30 மாணவர்களோடு அவர் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். பின்னர்ப் பாழடைந்த தோட்டம் ஒன்றை வாங்கி, மாணவரைக் கொண்டே காடு திருத்திப் பயிரிட்டார்; கட்டிடங்களையும் அவர்களைக் கொண்டே எழுப்பினார். செங்கற் சூளை மும்முறை கெட்டது. கைப்பணம் தீர்ந்தபின் தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காம் சூளையிட்டார், அது பலித்தது. சுமார் இருபது ஆண்டுகளில் எழுந்த 40 கட்டிடங்களில் நான்கு தவிர மற்றவையெல்லாம் பெரும்பாலும் மாணவர் கைவேலையே.

இவ்வேலை வெறுங் கூலிவேலையன்று. தொழிற்சாலையிற் கண்ட அளவுகளே கணித பாடத்திற்குக் கணக்குகளாயின. பண்ணையிலும் தச்சுப் பட்டறையிலும் செய்தவையே கட்டுரைக்குப் பொருளாயின. ஆயினும், தம் மக்கள் படிக்க வந்தனரேயன்றி உழைக்க வரவில்லையென்று பெற்றோர் பலர் முறையிட்டனர். அடிமைக் காலத்து உழைப்பின் வடு ஆறாத அவர்களை நாம் குறை கூறுதல் தகாது. வாஷிங்டன் ஊர் ஊராகச் சென்று, கட்டாய உழைப்பு வேறு, அறிந்து செய்யும் தொழில் வேறு என்பதை விளக்கினார்.

அவருக்கு மறுப்பும் எழுந்தது. தொழிற்கல்வியையே பெரிதாகப் போற்றி, வாக்குரிமையையும் உயர்தரக் கல்வியையும் பின்னுக்குத் தள்ளலாகாதென்று டு போய்ஸ் என்னும் அறிஞர் 1903-ல் வாதித்தார். அவ்வாதம் நியாயமுடையதே. அதே வருஷத்தில், தென்னாப்பிரிக்காவிலிருந்த காந்தியடிகள் தம் பத்திரிகையில் வாஷிங்டனின் வரலாற்றைப் புகழ்ந்து எழுதினார். கைத்தொழில் வாயிலாகவே எல்லாப் பாடங்களையும் புகட்டும் ஆதாரக் கல்வித் திட்டத்தை 1937-ல் வார்தாவில் அவர் வெளியிட்டதை யாவரும் அறிவர்.

1915-ம் வருஷம் நவம்பர் 14-ந் தேதி வாஷிங்டன் காலமானார். தாம் வளர்த்த கலாசாலையின் நிலத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கைத்தொழிற் கல்வி ஒரு சாரார் பிள்ளைகளுக்கு மாத்திரம் விதிக்கப்படுமாயின் அது தளை; எல்லார் பிள்ளைகளுக்கும் ஏட்டோடு இணைத்து அளிக்கப்படுமாயின் அது வலிமை. நம் மக்கள் உயர்ந்த படிப்பை நாடுக. உளி பிடிக்கவும் மண் கிளறவும் கூசாதிருக்க. பெற்றோர் இரண்டையும் ஒருங்கே ஊக்குவார்களாக.