வாத்தியார் எழுதிய வசனம்

பாவேந்தர் பாரதிதாசனைத் தெரியாத புதுவைக்காரர் உண்டா? சின்ன வகுப்பிலிருந்தே அவர் பாட்டை மனப்பாடம் பண்ணித்தானே வந்திருக்கிறோம். ஆனால் அவர் சினிமாவுக்கு வசனம் எழுதியவர் என்று சொன்னால் நம்மில் பாதிப்பேர் நம்பமாட்டோம். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

1891 ஏப்ரல் 29-ல் புதுச்சேரியில் பிறந்தவர் கனகசுப்புரத்தினம். 1909-ல் காரைக்கால் பக்கம் நிரவியில் தமிழ் வாத்தியாராகச் சேர்ந்தார். 37 வருஷம் பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் வேலை. ஊர் ஊராக மாற்றல். பாரதியார் மேல் வைத்த பற்றினால் பாரதிதாசன் ஆனார்.

சினிமாவில் நுழைந்தபோது அவருக்கு வயது 46. 1937-ல் வந்த 'பாலாமணி' படத்துக்குப் பாட்டெழுதினார். அடுத்த வருஷமே 'ஸ்ரீ ராமானுஜர்'! சுயமரியாதை இயக்கக் கவிஞர் ஆழ்வார் வழி வந்த ஆச்சாரியார் படத்துக்குப் பாட்டெழுதினார் என்றால் ஆச்சரியம்தானே. 1940-ல் 'கவி காளமேகம்' படத்துக்கு வசனமும் பாட்டும் எழுதினார். கதாநாயகன் நாதசுர மேதை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. டைரக்டர் தமிழே தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர்.டங்கன்!

1946-ல் ஓய்வு பெற்றார். மற்றவர்கள் திண்ணையில் உட்காரும் வயதில் இவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களுக்கு எழுதினார். 1947-ல் 'அபூர்வ சிந்தாமணி'. 1950-ல் அவருடைய 'எதிர்பாராத முத்தம்' காவியமே 'பொன்முடி' என்று படமானது. 1952-ல் 'வளையாபதி'. ஐம்பெருங் காப்பியங்களில் முழுசாகக் கிடைக்காமல் போன ஒன்றுக்குத் திரையில் உயிர் கொடுத்தார். அந்தப் படத்தில் தன் வசனத்தை மாற்றினார்கள் என்று கோபப்பட்டு, ஒப்பந்தத்தையே கிழித்துப் போட்டார் என்று சொல்வார்கள்.

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிப்போம். நாளைக்கு நாமும் சேதராப்பட்டில் ஏதாவது ஒரு கம்பெனியில் சேருவோம். நாம் போட்ட டிராயிங்கை இன்னொருத்தர் திருத்துவார். கிழித்துப் போட்டுவிட்டு வர முடியுமா? எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். என் சம்பளத்தை எதிர்பார்த்து நாலு பேர் இருக்காங்க. பாவேந்தருக்கும்தான் குடும்பம் இருந்தது. நல்ல திருத்தம் என்றால் ஏற்றுக்கொள்ளலாம். வேலையையே கெடுக்கிற திருத்தம் என்றால் வாயைத் திறந்து சொல்லவாவது வேண்டும். அந்த அளவு தைரியமாவது நமக்கு வரட்டும்!

கடைசிக் காலத்தில் சென்னைக்குப் போய் சொந்தமாகவே பட நிறுவனம் தொடங்கினார். தன் 'பாண்டியன் பரிசு' காவியத்தைத் தன் இஷ்டப்படி எடுக்க ஆசை. படம் வெளிவரவில்லை. குருநாதர் பாரதியாரின் வாழ்க்கையையும் படமாக்க நினைத்தார். அதுவும் நிறைவேறவில்லை. 1964 ஏப்ரல் 21-ல், 73-வது பிறந்தநாளுக்கு எட்டே நாள் இருக்கும்போது, சென்னையில் கண்மூடினார். உடல் புதுவைக்கு வந்தது.

சினிமாவில் அவர் தோற்றுவிட்டாரா? 1965-ல் 'பஞ்சவர்ணக்கிளி' படத்தில் பி.சுசீலா பாடிய அவருடைய தமிழ்ப் பாட்டை இன்றைக்கும் நம்மூர் மேடைகளில் கேட்கிறோம். 1969-க்கான சாகித்ய அகாதமி பரிசு கவிதைக்குக் கிடைக்கவில்லை. 'பிசிராந்தையார்' என்ற நாடகத்துக்குக் கிடைத்தது. ஆமாம், அந்த வாத்தியார் எழுதிய வசனத்துக்குத்தான்!